அந்தக் கொப்பரை என்னோடது

திருமங்கலத்துக்கு எதுக்குப் போறியன்னு கேட்டியள்லா தம்பி? சண்டை போடப் போறேன். சிரிக்காதிய, நெசமாத்தான் சொல்லுதேன். சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, முட்டு வலி உயிரை வாங்குது, ரிட்டயர் ஆகி வருசம் நாலாச்சு. இதெல்லாத்தையும் சுமந்துக்கிட்டு காலங்காத்தால பஸ் ஏறி ஒரு பொம்பளைப் பிள்ளை கூட சண்டை போடப் போறேன். என் நெலமை அப்படி ஆக்கி வச்சிருக்கா சவம்.

என் பேரு கோமதிநாயகம். டாக்டர் கோமதிநாயகம். ஊசி போடுத டாக்டர் இல்லை, கெமிஸ்ட்ரி. திருநவேலிப் பக்கத்துல ஒரு காலேஜ்ல முப்பது வருசம் புரொபசர். எங்கிட்ட பிஹெச்டி பண்ணி வெளிய போனவங்க பதிமூணு பேரு. ஒருத்தன் இன்னைக்கு ஒரு காலேஜ்ல டிபார்ட்மெண்ட் தலைவர், ரெண்டு பேரு பிரின்ஸ்பால். எல்லாம் என் கையால ஆளானவனுங்க, பாத்துக்கிடுங்க.

இன்னைக்கு அங்கன ஒரு காலேஜ்ல ஒருத்திக்கு பப்ளிக் வைவா. அப்படின்னா என்னன்னு தெரியுமா? பிஹெச்டி பட்டம் குடுக்கதுக்கு முன்னால ஊர் கூடியிருக்க நிறுத்தி வச்சுக் கேள்வி கேப்பாவ. வெளியூர் புரொபசர் ஒருத்தர் வந்து உக்காந்திருப்பார். ஹால்ல யாரு வேணும்னாலும் எந்திரிச்சுக் கேக்கலாம், அதுதான் சட்டம். எவனும் கேக்க மாட்டான். சமோசாவும் டீயும் எப்ப வரும்னு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பான். பொறவு பொன்னாடை, போட்டோ, மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு. என் பிள்ளைங்க வைவால எவனும் வாயத் தொறந்தது கிடையாது. நான் முன்வரிசையில உக்காந்து ஒருவாட்டி பின்னால திரும்பிப் பாப்பேன், அவ்வளவுதான், ஹால் கப்சிப்.

இன்னைக்கு நான் கேப்பேன். கேக்காம விட மாட்டேன்.

ஆவுடைச்செல்வின்னு பேரு அவளுக்கு. ஆவுடை. அவ எங்கிட்ட இருந்தவ தம்பி! பதினாலாவதா வரவேண்டியவ. நாலு வருசம் என் லேப்ல கெடந்தா. அப்பா சர்வேயர், நல்ல குடும்பம்தான், கொழுப்புக்கு மட்டும் கொறச்சல் இல்லை. அப்ப எங்க காலேஜ்லயே மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருந்தா. பிஹெச்டி கைக்கு வந்தா நிரந்தர வேலைன்னு மேனேஜ்மெண்ட்ல வாக்குக் குடுத்திருந்தாவ. எல்லாம் நான் போயிச் சொன்னதுனால. என் வாயால வாங்கிக் குடுத்த வாக்கு.

என்ன ஆராய்ச்சியா? சொல்லுதேன், கேளுங்க. வகுப்பெடுத்துப் பழகின வாயி, சும்மா இருக்காது. சர்க்கரை இருக்குல்லா, குளுக்கோஸ், பழத்துல இருக்க ஃபிரக்டோஸ், இந்த மாதிரி எளிய சர்க்கரை. அதைத் தண்ணியில கரைச்சு, காரம் போட்டு, மஞ்சளா ஒரு மருந்து ஊத்துவோம். அந்த மருந்து சர்க்கரையைத் தின்னும். தின்னத் தின்ன மஞ்சள் வெளுக்கும். எவ்வளவு வேகமா வெளுக்குன்னு ஸ்டாப் வாட்ச் வச்சுப் பாக்கணும். அதுக்குப் பேருதான் கைனட்டிக்ஸ். வினைவேகம். சும்மா விட்டா அது நத்தை மாதிரிப் போகும். அதுல ஒரு துளி உலோகம் போட்டா ஓடும். அந்த உலோகம் கல்யாணத் தரகன் மாதிரி. சேத்து வச்சுட்டு அவன் பாட்டுக்கு அடுத்த வீட்டுக்குப் போயிருவான், அவனுக்குத் தேய்மானம் கிடையாது. எங்க தரகன் ருத்தீனியம். வெள்ளைக்காரன் நாட்டுல இருந்து சின்னக் குப்பியில வரும். பதிமூணு தீசிஸும் அதுதான். ருத்தீனியம் கூடக் கூட வேகம் கூடும். கிராஃப் போட்டா ரூல்தடி வச்ச மாதிரி நேர்கோடு.

கூடாத நாளும் உண்டு, நான் ஒண்ணும் மறைக்கலை. சில நாள் ருத்தீனியம் ரெண்டு மடங்கு போட்டாலும் வேகம் அப்படியே நிக்கும். அந்த ரீடிங்கை எழுதக் கூடாது. எங்க சார், எனக்கு கைடா இருந்த மகராசன், அதைத்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. 'கோமதி, புள்ளி கோட்டுல விழணும். விழலைன்னா தப்பு புள்ளி மேலதான், கோட்டு மேல இல்லை'ன்னு. அதையேதான் நான் என் பிள்ளைங்களுக்குச் சொன்னேன். ஆராய்ச்சின்னா ஒழுக்கம் தம்பி. கண்டதையெல்லாம் எழுதுனா அது ஆராய்ச்சியா? ஆத்தங்கரைப் பேச்சு.

எங்க லேப்ல ஒரு கொப்பரை உண்டு. தண்ணியைக் காய்ச்சி ஆவியாக்கி வடிச்சு எடுக்கதுக்கு. தலை, வளைஞ்ச குழாய், தொட்டி எல்லாம் சுத்தமான செம்பு. எங்க சார் வாங்கி வச்சது. அவரு போற அன்னைக்கு என் கையைப் பிடிச்சு, 'இதை விட்டுராத'ன்னாரு. நான் விட்டேனா? இல்லை. இப்ப எல்லாப் பயலும் கண்ணாடி யூனிட் வச்சிருக்கான். கண்ணாடி உடைஞ்சு போகும். செம்பு ஆயுசுக்கும் நிக்கும். அதுல வடிச்ச தண்ணியைத் தவிர வேற ஒரு சொட்டு எங்க குடுவையில விழுந்தது கிடையாது. சரஸ்வதி பூஜைக்கு அதைத்தான் நடுவுல வைப்போம். புதுசா சேந்த பிள்ளைங்கதான் தேய்க்கணும். புளி போட்டு, வெளிய மட்டும் இல்லை, உள்ளயும். குழாய்க்குள்ள புளித்தண்ணியை ஊத்திக் குலுக்கிக் குலுக்கி, உள்பக்கம் பளபளன்னு ஆகுத வரைக்கும் விட மாட்டேன். தலையைக் கழட்டி உள்ள பாத்தா மூஞ்சி தெரியணும். அப்புறம் சந்தனம், குங்குமம், சுண்டல். என்னா அழகா இருக்கும்!

எங்க லேப்ல ஒரு சட்டம் உண்டு, பாத்துக்கிடுங்க. பூஜை முடிஞ்சா தீபாவளி வரைக்கும் எவனும் ரீடிங் எடுக்கக் கூடாது. ஏன்னா அப்ப எடுத்தா தறிகெட்டு ஓடும். எங்க சார் காலத்துல இருந்து அப்படித்தான். ஐப்பசி மழைக்காத்து, ஈரம், அது ஆகாது. தீபாவளி கழிஞ்சா தானா அடங்கிரும். முப்பது வருசமா நான் பாக்கேன், ஒரு வருசம் தப்புனது கிடையாது. இப்படி ஒரு அனுபவம் எவன்கிட்ட இருக்கு, சொல்லுங்க பாப்போம்?

இந்த மூதி என்ன செஞ்சா தெரியுமா? பூஜை முடிஞ்ச மறுநாளே ரீடிங் எடுத்திருக்கா. கேட்டா, தீசிஸ் முடிக்க நேரம் இல்லையாம். தாளை எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வாரா.

"சார், ருத்தீனியம் போடாத குடுவையும் ஓடுது சார்."

"குடுவையைக் கழுவினியாட்டி?"

"மூணு தடவை கழுவினேன் சார்."

"எதுல கழுவின?"

"நம்ம கொப்பரைத் தண்ணியிலதான் சார்."

"பொறவு என்ன? தீபாவளி கழிச்சு எடு, போ."

போனா போனதுதானே? இல்லை. அடுத்த பில்டிங்ல தாவரவியல்காரன் கண்ணாடி யூனிட் வச்சிருக்கான். அவன்கிட்டப் போயி ஒரு கேன் தண்ணி வாங்கிட்டு வந்திருக்கா! வீட்டுல கிணறு இருக்கும்போது அடுத்த வீட்டுல போயி தண்ணி கேப்பாளா ஒரு பொம்பளை? அந்தச் செடிகொடி புரொபசர் காண்டீன்ல வச்சு என்னைப் பாத்து, 'என்ன சார், உங்க லேப்ல தண்ணிக் கஷ்டமாமே'ங்கான். எனக்கு எப்படி இருக்கும்? தூக்குல தொங்கலாம் போல இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, 'சார், ஒரு நிமிசம் வந்து பாருங்க'ன்னு கூப்பிட்டா. போனேன். மேசையில மூணு குடுவை. மூணுலயும் சர்க்கரை, காரம், மஞ்ச மருந்து. ருத்தீனியம் ஒண்ணுலயும் இல்லை. முத குடுவை தாவரவியல்காரன் தண்ணி. மஞ்சள் அப்படியே நிக்குது. ரெண்டாவது நம்ம கொப்பரைத் தண்ணி. கண்ணு முன்னால வெளுக்குது. மூணாவது திரும்பவும் அவன் தண்ணி, ஆனா அதுல மயில்துத்தம் கரைச்ச தண்ணி ரெண்டு சொட்டு. மயில்துத்தம்னா செம்பு உப்பு. அதுவும் வெளுக்குது. மத்த பிள்ளைங்க எல்லாம் சுத்தி நிக்கி.

"சார், தண்ணியில செம்பு இறங்குது சார். புளி போட்டுத் தேச்ச உடனே ரொம்ப இறங்குது. பொறவு உள்ள கறை பிடிச்சதும் கொறையுது. அதான் தீபாவளிக்கு அடங்குது. சர்க்கரையை ஓட்டுனது ருத்தீனியம் மட்டும் இல்லை சார். செம்பும்தான்" அப்படிங்கா.

எப்படி இருக்கு கதை? எங்க சார் குடுத்த கொப்பரையில கசியுதாம். நான் மூணு குடுவையையும் எடுத்தேன். சிங்க்ல கவுத்தினேன். ஒண்ணு உடைஞ்சு போச்சு. உடையட்டும்னு விட்டேன்.

அழுவாள்னு பாத்தேன். அழலை. அழுதிருந்தா நான் மனசு எறங்கியிருப்பேன் தம்பி, நான் ஒண்ணும் ராட்சசன் இல்லை. நின்னுக்கிட்டு மெதுவாச் சொல்லுதா, "சார், ஒரு கண்ணாடி யூனிட் வாங்கிருவோம் சார். எல்லாத்தையும் திரும்ப எடுத்துப் பாப்போம். நானே எடுக்கேன் சார். நாமளே கண்டுபிடிச்சு நாமளே எழுதினா நமக்குத்தான சார் மரியாதை."

எல்லாத்தையும்னா? பதிமூணு பேரு தீசிஸையுமா? என் தீசிஸையுமா? எங்க சாரோடதையுமா? கூறுகெட்ட கழுதை! யாருக்கு யாரு மரியாதை தேடிக் குடுக்கது?

"உனக்கு தீசிஸ் வேணுமா, செம்பு வேணுமா?"ன்னு கேட்டேன். "அந்த அத்தியாயத்தைத் தூக்கிப் போடு, பழைய புள்ளியை வச்சுக் கோடு போடு, நாளைக்கே கையெழுத்துப் போடுதேன்"னேன். எவ்வளவு பெருந்தன்மை பாருங்க. வேற கைடா இருந்தா அன்னைக்கே வெளிய தள்ளியிருப்பான். அவ என்ன சொல்லுதா? "தெரிஞ்ச பொறவு எப்படி சார் போட முடியும்?" அப்படின்னா தெரியாம இருந்திருக்க வேண்டியதுதான? யாரு உன்னைத் தெரிஞ்சுக்கிடச் சொன்னா?

நான் கையெழுத்துப் போடலை. போட மாட்டேன்னுட்டேன். அந்த நிரந்தர வேலை வேற ஒருத்திக்குப் போச்சு. அவ தலையில அவளே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டா, நான் என்ன செய்ய முடியும்? அவ வீட்டுக்காரன் வந்து என் வாசல்ல வெயில்ல நின்னான். நான் உள்ள கூப்பிடலை. அப்புறம் கொஞ்ச நாள் அவ ஏதோ ஸ்கூல்ல டீச்சரா இருந்தாளாம். பொறவு மதுரைப் பக்கம் வேற கைடைப் பிடிச்சு, மொதல்ல இருந்து பதிஞ்சு, திரும்ப அஞ்சாறு வருசம். வயசு நாப்பதாகப் போகுது இப்ப. வீம்புதான் தம்பி, வேற ஒண்ணும் இல்லை. வீம்பு பிடிச்ச ஜென்மம் அது.

நான் அத்தோட மறந்துட்டேன். நெசமாத்தான். இதுவரைக்கும் சொன்னதுக்கு எனக்குக் கோவமே கிடையாது. என் கோவம் வேற.

போன மாசம் எங்க வீட்டுக்கு வந்தா. தட்டுல ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு தீசிஸ் காப்பி. எங்க வீட்டம்மா 'வாட்டி ஆவுடை'ன்னு காப்பி போட்டுக் குடுக்கா, அவளுக்கு எப்பவும் ஆளு தராதரம் தெரியாது. இந்தப் பிள்ளை எங்கிட்ட வந்து குனிஞ்சு நின்னு, "சார், செம்பு வச்சே முழு தீசிஸும் பண்ணிட்டேன் சார். சர்க்கரை, செம்பு, காரம், எல்லாத்துக்கும் வேகம் போட்டாச்சு"ங்கா.

சரின்னேன்.

"சார், ஆரம்பத்துல எதனால இந்த யோசனை வந்துச்சுன்னு எழுதணும்லா. அதுல நம்ம லேப் பேரு போடலை சார். உங்க பேரு, எனக்கு முன்னால உங்ககிட்டப் பண்ணின நயினார் அண்ணன் பேரு, யாரு பேரும் எங்கயும் வராது. 'ஒரு லேப்ல செம்புக் கொப்பரை இருந்தது'ன்னு மட்டும் இருக்கு. நீங்க கவலைப்படாதிய சார்."

நான் எதுக்குக் கவலைப்படணும்? என்ன திமிரு பாருங்க! தீசிஸைப் புரட்டிப் பாத்தேன். ஆமா, இல்லை. முன்னால நன்றின்னு ஒரு பக்கம். புது கைடுக்கு நன்றி, புருசனுக்கு நன்றி, அந்தத் தாவரவியல்காரனுக்கு நன்றி, ஒரு கேன் தண்ணி குடுத்ததுக்கு! நான் இல்லை. பின்னால எடுத்தாண்ட கட்டுரைன்னு நூறு இருக்கு. சீனாக்காரன் இருக்கான், ரஷ்யாக்காரன் இருக்கான். நான் எழுதுன நாப்பது கட்டுரையில ஒண்ணு கூட இல்லை. 'ஒரு லேப்'! எந்த லேப்? முப்பது வருசம் நான் நின்ன லேப். 'ஒரு கொப்பரை'! யாரோட கொப்பரை? நாலு வருசம் அவளை உக்கார வச்சு, குடுவை பிடிக்கச் சொல்லிக் குடுத்து, ஸ்டாப் வாட்ச் அமுக்கச் சொல்லிக் குடுத்து, அந்தக் கொப்பரையை என் காசுல ஓட்டை அடைச்சு வச்சு... இப்ப நான் பேரே இல்லாதவன்! உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னா இதுதான். தட்டை எடுத்துக்கிட்டு வெளிய போன்னேன். பழத்தை எங்க வீட்டம்மா எடுத்து வச்சுக்கிட்டா.

நேத்து நயினாருக்கு போன் பண்ணினேன். ஆறுமுகநயினார், என் மொத மாணவன். டிபார்ட்மெண்ட் தலைவர்னு சொன்னேம்லா, அவன்தான். 'ஏல, வைவாவுக்குப் போறேன், எந்திரிச்சுக் கேக்கப் போறேன், நீயும் வா'ன்னேன். அவன் என்ன சொல்லுதான் தெரியுமா?

"சார், உங்க கால்ல விழுதேன், போகாதிய. அவ நம்ம பேரைச் சொல்லாம விட்டதே புண்ணியம். நம்ம ரீடிங்கை ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே நானும் கண்ணாடி யூனிட் தண்ணியில செஞ்சு பாத்துட்டேன் சார், அவ சொன்னதுதான் சரி. பேசாம வீட்டுல இருங்க."

செஞ்சு பாத்தானாம்! எங்கிட்டச் சொல்லாம! அவனுக்கும் பொறாமைதான். ஆவுடைக்கு பேரு வருதுன்னு பயந்துட்டான். எல்லாரையும் கூப்பிட்டேன் தம்பி. பதிமூணு பேருக்கும் போன் போட்டேன். நயினாருக்கு அப்புறம் ஒருத்தனும் எடுக்கலை. எல்லாம் பெரிய பெரிய பதவியில இருக்காவ, மீட்டிங்ல இருப்பாவ. ஒருத்தன் மட்டும் எடுத்து, என் குரலைக் கேட்டதும் லைன் கட்டாயிட்டு. டவர் இல்லாத ஊரு போல.

வராட்டா என்ன? நான் ஒரு ஆளு போதும். முன்வரிசையில போயி உக்காருவேன். வெளியூர் புரொபசர் 'யாருக்காவது கேள்வி உண்டா'ன்னு சம்பிரதாயத்துக்குக் கேப்பாருல்லா, அப்ப எந்திரிப்பேன். மைக்கை வாங்குவேன். 'அம்மா ஆவுடைச்செல்வி, அந்த லேப் எந்த லேப்? சொல்லு'ன்னு கேப்பேன். முழிப்பா. சொல்ல மாட்டா. அவ வாயில வராது, எனக்குத் தெரியும். 'நீ சொல்லாட்டா நான் சொல்லுதேன்'னு ஆரம்பிப்பேன். 'அந்த லேப் என் லேப். அந்தக் கொப்பரை என்னோடது. இந்தப் பிள்ளை செம்பைப் பாத்தது என் தண்ணியில. முப்பது வருசமா அதே தண்ணியிலதான் பதிமூணு தீசிஸ் பண்ணியிருக்கோம், அதுக்கு முன்னால என்னோடது, அதுக்கு முன்னால எங்க சாரோடது. பூஜை கழிஞ்சா வேகம் எகிறும்னு உலகத்துலயே மொதல்ல கண்டவன் நான்!' அப்படிம்பேன். பதிமூணு பேரு பேரையும் சொல்லுவேன். இனிஷியலோட, இப்ப எந்தக் காலேஜ், என்ன பதவி, ஒண்ணு விடாம. எனக்கு மனப்பாடம். பேப்பர்க்காரன் வந்திருப்பான், எழுதிக்கிடட்டும். எங்க பேரை எவ மறைக்கான்னு பாத்துருவோம்!

என்ன தம்பி, இவ்வளவு நேரம் தலையை ஆட்டிக்கிட்டு இருந்திய, இப்ப ஏன் இப்படிப் பாக்கிய? நீங்களும் படிச்ச ஆளு மாதிரித்தான் தெரியுது. நியாயம்தான நான் கேக்கது?

மதுரை வரைக்கும் கூட வாங்கங்கியளா? நான் எதுக்கு மதுரைக்கு வரணும், எனக்கு அங்கன என்ன சோலி? காப்பி எல்லாம் வேண்டாம், சுகர். நீங்க ஏன் டிக்கெட் எடுக்கிய எனக்கு? கண்டக்டர்! ஏ கண்டக்டர்! திருமங்கலம் ஒரு ஆளு இறங்கணும்! வைவா ஆரம்பிச்சிருவான் தம்பி, எந்திரிங்க, வழி விடுங்க. காலை எடுங்கன்னா. என்ன இது, கையைப் பிடிக்கிய? விடுங்க. யாரு எவருன்னு தெரியாத ஆளு, உங்களுக்கு என்ன வந்துச்சு? கையை விடுங்க தம்பி, நான் இறங்கணும்.